கேப்பர் மலை அடிவாரத்தில் எட்டு வருஷம்

"கடலூரில் மலையா?" என்று கேட்காத வெளியூர்க்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. உள்ளூர்க்காரர்களே பாதிப் பேர் சிரிப்பார்கள். கடற்கரை ஊர், இரண்டு ஆறு, சுனாமி, புயல், வெள்ளம், கருவாடு, இதுதான் எல்லாருக்கும் தெரிந்த கடலூர். ஆனால் திருப்பாதிரிப்புலியூரைத் தாண்டித் தென்மேற்கே பார்த்தால் சிவப்பாக ஒரு மேடு நீளமாகப் படுத்திருக்கும். அதுதான் கேப்பர் மலை. வெள்ளைக்காரர் காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். நீலகிரியை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்து போவீர்கள், டவுன் பஸ் பெரிதாக முக்காமலே ஏறிவிடும், அவ்வளவுதான் உயரம். ஆனாலும் மலை மலைதான். அடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு அது தெரியும், எங்களுக்கு எட்டு வருஷமாகத் தெரியும்.

இந்தப் பக்கம் வீடு தேடுகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். அமைதியாக இருக்குமாமே, காலையில் மேலே நடந்துவிட்டு வரலாமாமே, மயில் வருமாமே, பிள்ளைகளைக் கூட்டிப்போக மியூசியம் கிட்டத்தில் இருக்கிறதாமே என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த மண்ணில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் வந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டோம். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுநடுவே வேறு கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2015-இல் நாங்கள் கெடிலத்துக் கரையோரம் தாழ்வான ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தோம். அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் கொட்டிய மழையைக் கடலூர் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பலகாரத்துக்கு மாவு இடித்து வைத்திருந்த தூக்கு வீட்டுக்குள் மிதந்தது. கேஸ் அடுப்பைக் கட்டில்மேல் வைத்து, கட்டிலை நாலு செங்கல்மேல் வைத்து, அதில் நான்கு வயதுப் பையனையும் மாமியாரையும் உட்கார வைத்துவிட்டு நானும் வீட்டுக்காரரும் இரண்டு நாள் முழங்கால் தண்ணீரில் நின்றோம். பீரோ அடித்தட்டில் இருந்த கல்யாணப் பட்டுப்புடவை சாயம் போய் என் படிப்புச் சான்றிதழோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் வடிந்த அன்றே என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், இனி சாப்பாடு இருக்கிறதோ இல்லையோ, வீடு மேட்டில்தான் என்று.

அப்படித்தான் 2017 பங்குனியில் வண்டிப்பாளையத்துக்கும் திருவந்திபுரத்துக்கும் நடுவில் இந்த வீட்டைப் பார்த்தோம். நாலு சென்ட் மனை, இரண்டு அறை, பின்பக்கம் சரிவு ஏறி முந்திரித் தோப்பாகிவிடும். நல்ல வெயில். தரை பாறையாகக் காய்ந்து கிடந்தது. புரோக்கர் அண்ணன் காலால் தட்டிக் காட்டி, "இங்க எப்படிக்கா தண்ணி நிக்கும்? மழை பேஞ்ச அடையாளமே இருக்காது" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை, தண்ணீர் நிற்கவே நிற்காது. ஓடும் என்பதைத்தான் சொல்லவில்லை.

பால் காய்ச்சிய அன்று எதிர்வீட்டு ஆயா வந்து வெற்றிலையை மடித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தது. "ஏம்மா, இது ஓட வழியாச்சே. கேட்டுக்கிட்டுதான் வாங்குனீங்களா?" என்றது. வந்த முதல் நாளே அபசகுனமாகப் பேசுகிறதே என்று என் மாமியாருக்குக் கோபம். எனக்கும்தான். ஓடை எங்கே இருக்கிறது, ஒரு பள்ளம்கூட இல்லையே என்று நினைத்தேன்.

அந்த ஐப்பசியில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு ஓடை வீட்டுக்குள் வந்தது. ஆற்று வெள்ளத்துக்கும் மலைத் தண்ணீருக்கும் என்ன வித்தியாசம் என்று அன்றுதான் தெரிந்தது. ஆறு மெதுவாக ஏறும், ஒவ்வொரு படியாக, பீரோவைக் காலி பண்ண நேரம் கொடுக்கும், வந்தால் நாள்கணக்கில் நிற்கும். மலைச்சரிவுத் தண்ணீர் பத்து நிமிஷத்தில் வரும், அரை மணியில் போய்விடும், கணுக்கால் அளவுதான் இருக்கும். ஆனால் அது வெறும் தண்ணீர் இல்லை. பாதி மண். செங்கல் சூளையில் குழைத்த மாதிரி ஒரு குழம்பு பின்வாசல் கதவுக்கு அடியில் புகுந்து கூடம் வழியாக முன்வாசலுக்குப் போனது. விடிந்ததும் பார்த்தால் தண்ணீர் சொட்டுகூட இல்லை, தரை முழுக்க நாலு விரல்கடை செம்மண் படிந்திருந்தது. மிக்ஸிக்குள் மண், சாமி படத்துக்குப் பின்னால் மண், தையல் மிஷின் பெடலில் மண். வெள்ளையாக வீட்டில் இருந்த எதுவும் அதற்குப் பிறகு வெள்ளையாகவில்லை.

நாங்கள் செய்த முதல் முட்டாள்தனம், பின்பக்கச் சுற்றுச்சுவரை இரண்டு அடி உயர்த்தியது. யார் வந்து சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம், வெள்ளத்துக்குப் பயந்தவனுக்குச் சுவர்தான் தோன்றும். அடுத்த மழையில் சுவருக்கு வெளியே தண்ணீர் தேங்கி, மண்ணும் ஊறி, விடியற்காலையில் பன்னிரண்டு அடி நீளத்துக்குச் சுவர் அப்படியே உள்பக்கம் சாய்ந்தது. அடியில் என் ஸ்கூட்டி. ஆள் யாரும் இல்லை, அதற்குத் திருவந்திபுரத்துப் பெருமாளுக்கு உப்பும் மிளகும் வெல்லமும் வாங்கிப் போட்டு வந்தேன். மொத்த நஷ்டம் முப்பத்தெட்டாயிரம்.

பிறகு வந்த கொத்தனார் வயசானவர், இதே மலைமேல் ராமாபுரம் பக்கத்துக்காரர். விழுந்த சுவரைப் பார்த்துவிட்டு அவர் சிரிக்கவில்லை, அதற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். "தண்ணிய நிறுத்தப் பாக்காதீங்கம்மா. எங்க போவணும்னு சொல்லிவுடுங்க, அதுவே போயிடும்" என்றார். அவர் செய்தது பெரிய வேலையும் இல்லை. மனையின் மேற்கு ஓரத்தில் ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு வாய்க்கால், சரிவில் தண்ணீர் வேகம் எடுக்காமல் இருக்க நடுவில் மூன்று படி, அடியில் கருங்கல் சல்லி. சுவரில் வாய்க்கால் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் கம்பி வலை போட்ட திறப்பு. நுழைகிற இடத்தில் ஒரு வண்டல் குழி, மண் அதில் தங்கிவிடும், மழைக்காலத்தில் மூன்று நாலு தடவை அள்ளிவிட வேண்டும். சுவருக்கு வெளியே சரிவில் நொச்சிக்காட்டிலிருந்து வாங்கி வந்த வெட்டிவேர் நாற்றை நெருக்கமாக இரண்டு வரிசை நட்டோம். கடலூர் கடலோரத்தில் விளைகிற பொருள் கடலூர் மலைக்குக் காவல் இருக்கிறது, எனக்கு அதில் ஒரு சந்தோஷம். வெட்டிவேர் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராக ஆழத்துக்கு இறங்கும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும். முதல் வருஷம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது, பிறகு அதுபாட்டுக்கு இருக்கிறது.

இப்போது யார் இந்தப் பக்கம் மனை பார்க்க வந்தாலும் நான் சொல்வது, வெயில் காலத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஐப்பசி கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் வாருங்கள். முடியாவிட்டால் அக்கம்பக்கத்துச் சுவர்களின் அடிப்பகுதியைப் பாருங்கள், எவ்வளவு வெள்ளையடித்தாலும் செம்மண் தண்ணீர் ஏறிய கோடு தெரியும். மரங்களின் வேர் வெளியே தெரிந்தால் அங்கே மண் கரைந்து போய்க்கொண்டிருக்கிறது. மனைக்கு மேல்பக்கம் ரோட்டில் சின்னதாக ஒரு மதகுப் பாலம் இருக்கிறதா என்று நடந்து போய்ப் பாருங்கள். யாரும் சும்மா பாலம் கட்ட மாட்டார்கள். பத்திரம் மட்டும் பார்த்தால் போதாது, புல வரைபடமும் 'அ' பதிவேடும் எடுத்துப் பாருங்கள், இரண்டும் இணையத்திலேயே கிடைக்கிறது, வாய்க்கால் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு என்று பக்கத்து எண்ணில் இருந்தால் அதன் வால் எங்கே முடிகிறது என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், எதிர்வீட்டில் வெற்றிலை போடுகிற ஆயா யாராவது இருந்தால் வாங்குவதற்கு முன் போய்ப் பேசுங்கள். நாங்கள் வாங்கிய பிறகு பேசினோம்.

ஆயாவிடம் பிறகு ஒருநாள் கேட்டேன், எப்படித் தெரியும் என்று. தன் மாமனார் காலத்தில் மழைத்தண்ணீர் இந்த வழியாகத்தான் இறங்கிக் கீழே ஆற்றுக்குப் போகுமாம், அதற்கும் முன்னால் கெடிலமே மலையை ஒட்டித்தான் ஓடியதாம். அது பெரியவர்கள் பலர் சொல்கிற கதை. கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் சுவாமி கரையேறிய இடம் என்று சொல்லும் கரையேறவிட்டகுப்பம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. இப்போது அங்கே நின்றால் கடலும் தெரியாது, ஆறும் தள்ளிப் போய்விட்டது. ஆறு நகர்ந்துவிட்டாலும் தாழ்வு நகராது இல்லையா, அந்தப் பழைய தாழ்வைத் தேடித்தான் தண்ணீர் இன்றைக்கும் எங்கள் வீட்டு வழியாக வருகிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சரி, மியூசியத்துக்கு வருகிறேன்.

பையன் ஆறாவது படிக்கும்போது பள்ளியில் 'நம் ஊர் மண்' என்று எதையோ செய்து வரச் சொன்னார்கள். கடலூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, 1989-இல் தொடங்கியது, எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் போனால் கால்மணி நேரம்கூட ஆகாது. அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அதுவரை நான் போனதே இல்லை. லீவு போட்டுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிப் போனேன். பூட்டியிருந்தது. தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிதான் வார விடுமுறை. சரி, மறுநாள் சனிக்கிழமை போகலாம் என்று போனோம். அதுவும் பூட்டு, இரண்டாம் சனிக்கிழமை! வாசலில் நின்று பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. மூன்றாவது முறைதான் உள்ளே போனோம். நீங்கள் போவதாக இருந்தால் வெள்ளியும் இரண்டாம் சனியும் வேண்டாம். புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. இரண்டையும் ஒரே வாரக் கடைசியில் முடிக்க நினைத்தால் ஞாயிறுதான் சரி.

பெரிய மியூசியம் என்று நினைத்துப் போகாதீர்கள். சிலைகள், பழைய காசுகள், தாழி என்று ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். ஆனால் சின்ன மியூசியத்துக்கு ஒரு வசதி உண்டு, கூட்டம் இல்லை, ஒரு பொருள்முன் எவ்வளவு நேரம் நின்றாலும் பின்னால் யாரும் தள்ள மாட்டார்கள். பையன் ஒரு தாழிமுன் உட்கார்ந்து அதில் ஒட்டியிருந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, நம்ம வீட்டு மண்ணும் இதே கலர்தானே" என்றான்.

நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியப்பா ஒருவர் எனக்கு இருக்கிறார். அந்த வாரம் வீட்டுக்கு வந்தவரிடம் பையன் இதைக் கேட்க, அவர் எங்களைப் பின்பக்கச் சரிவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஓடை அறுத்த இடத்தில் மண்சுவர் ஆள் உயரத்துக்கு நிற்கும், அதில் அடுக்கு அடுக்காகத் தெரியும், மேலே சரளை, கீழே மணல், நடுவில் வெளிறிய களிமண். "இது பாறையும் இல்ல பாப்பா, மண்ணும் இல்ல. பாறையா ஆவுறதுக்குள்ள நாம வந்து வீடு கட்டிட்டோம்" என்றார். இதற்குப் பெயர் கடலூர் மணற்கல். 1860-களில் பிளான்ஃபோர்டு என்ற புவியியலாளர் வைத்த பெயர், இன்றைக்கும் புவியியல் படிக்கிற பிள்ளைகள் எந்த ஊரில் இருந்தாலும் இந்தப் பெயரைப் படிக்கிறார்கள். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை மூடிக்கொண்டிருப்பதும் இதே மணற்கல் படுகைதான். அங்கே நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது, அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் தோண்ட முடியும் என்றார். இரும்புச் சத்து கலந்திருப்பதால்தான் இந்தச் சிவப்பு. மணல் அடுக்கில் விழுந்த மழை சட்டென்று உள்ளே இறங்கிவிடும், களிமண் அடுக்கில் விழுந்தது வழுக்கிக்கொண்டு கீழே ஓடும், ஓடுகிற வழியில் மேலே உள்ள மணலையும் அரித்துக்கொண்டு வரும். எங்கள் கூடத்துக்குள் வந்தது அதுதான். கடலூர் ஊருக்குள் குடிக்கிற தண்ணீர் மலைப்பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து போவதற்குக் காரணமும் அதே மணல்தான். ஒரே மலை ஊருக்குக் குடிக்கக் கொடுக்கிறது, எங்கள் வீட்டுக்கு மண்ணை அனுப்புகிறது.

அன்றிலிருந்து பையனுக்குக் கல் பைத்தியம். அவன் தொல்லை தாங்காமல் திருவக்கரைக்குப் போனோம். வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமிக்குப் போகிறவர்கள் பலர் பக்கத்தில் இருக்கும் கல்மரப் பூங்காவைப் பார்க்காமலே திரும்பிவிடுவார்கள், நாங்களும் முன்பு அப்படித் திரும்பியவர்கள்தான். 1781-இல் சொனரா என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி வெளியுலகத்துக்குத் தெரிந்த இடம். சுமார் இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன, வளையம்கூடத் தெரியும், தட்டினால் கல் சத்தம். கிளை இல்லை, வேர் இல்லை, பட்டை இல்லை. அங்கே வளர்ந்த மரங்கள் இல்லை அவை, எங்கிருந்தோ வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்த மரங்கள் என்று சொல்கிறார்கள். எந்த மணல்? அதே கடலூர் மணற்கல்தான். "அப்பவே வெள்ளமா!" என்று என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்தார். ஒரு எச்சரிக்கை, அங்கிருந்து ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடம், பிள்ளைகள் பையைத் திரும்பும்போது ஒருமுறை பார்த்துவிடுங்கள். எங்கள் பையன் பையில் இரண்டு இருந்தது. திருப்பி வைக்கச் சொல்லி அழவிட்டுத்தான் கூட்டி வந்தேன்.

புதுச்சேரி மியூசியத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம், பிரெஞ்சுக்காரர் வண்டி, பல்லக்கு, சோழர் வெண்கலம் எல்லாம் இருக்கிறது. நான் நின்றது அரிக்கமேட்டு ஓடுகள்முன்தான். 1945-இல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டியெடுத்து, ரோமாபுரியோடு நடந்த வியாபாரத்துக்குச் சாட்சி என்று சொன்ன இடம். மது கொண்டுவந்த ஜாடியின் உடைந்த துண்டு, குன்றிமணி அளவில் மணிகள். அரிக்கமேடும் அரியாங்குப்பத்து ஆற்றங்கரைதான். மியூசியம் போனாலும் நான் ஆற்றங்கரையைத்தான் பார்க்கிறேன், என் தலையெழுத்து.

இப்போது அமைதி விஷயம். மலையடிவாரம் அமைதியாக இருக்கும் என்று யாராவது சொன்னால், எந்த மாசத்தில் என்று கேளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் உண்மையாகவே அமைதி. மற்ற மாதங்களில் முகூர்த்த நாள் வந்தால் திருவந்திபுரத்தில் கல்யாணம் நூறைத் தாண்டும். ஔஷதகிரிமேல் ஹயக்ரீவர் சன்னதி, கீழே தேவநாத சுவாமி, 108 திவ்யதேசத்தில் ஒன்று, எதிரே கெடிலம், அங்கே கல்யாணம் பண்ணுகிறோம் என்று வேண்டிக்கொள்ளாத குடும்பம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. ஆவணி முதல் முகூர்த்தத்தில் விடியற்காலை நாலு மணிக்கே வேன், கார், மேளம். ஏழு மணிக்குப் பையனைப் பள்ளி வேனில் ஏற்ற நான் வாசலுக்கு வந்தால் ரோட்டில் மாலையோடு நாலு மாப்பிள்ளைகள் வண்டி நகராமல் உட்கார்ந்திருப்பார்கள். புரட்டாசி சனிக்கிழமையும் அப்படியே, மொட்டையடித்த தலைகளாக. நாங்கள் காலண்டரில் முகூர்த்த நாளைச் சுற்றி வைத்துவிடுவோம். அன்று ஆஸ்பத்திரி, பேங்க், கேஸ் புக்கிங் எதுவும் வைத்துக்கொள்வதில்லை, பால் பாக்கெட்டையும் முந்தின ராத்திரியே வாங்கிவிடுவோம். குறை சொல்லவில்லை. என் கல்யாணமும் அங்கேதான் நடந்தது, அன்று யார் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு லேட்டாகப் போனதோ.

நடை. ஆறு வருஷமாக வாரத்தில் நாலு நாள் மேலே நடக்கிறேன். பலகை வைத்த பாதை, அம்புக்குறி எதுவும் கிடையாது. மாட்டுத்தடம், வாழைத்தோப்புக்குப் போகிற வண்டிப்பாதை, முந்திரிக் காட்டுக்கு நடுவில் ஒற்றையடி. ஐந்தரைக்கு ஏறினால் ஏழுக்குள் இறங்கிவிட வேண்டும், அதற்கு மேல் செம்மண் சூடு ஏற ஆரம்பித்தால் அக்கினி நட்சத்திரத்தில் செருப்புக்கு அடியில் தோசைக்கல் வைத்த மாதிரி இருக்கும். மதியம் கடல்காற்று வந்தால்தான் விடிவு. மேலே ஏறித் திரும்பிப் பார்த்தால் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் கிழக்கே ஒரு வெள்ளைக் கோடு தெரியும், கடல். அதற்காகத்தான் ஏறுவது.

ஏறுவது ஒன்றும் இல்லை, இறங்குவதில்தான் ஆபத்து. இந்த மலையின் சரளை உருண்டையாக, பொடிசாக இருக்கும், கேழ்வரகைக் கொட்டிவிட்டு அதன்மேல் நடக்கிற மாதிரி. இரண்டாவது வருஷம் ரப்பர் செருப்போடு நேராக இறங்கினேன், கால் போனது, கையை ஊன்றினேன், மணிக்கட்டில் எலும்பு கீறல், ஆறு வாரம் கட்டு. அதற்குப் பிறகு அடியில் பல் வைத்த ஷூ, கையில் ஒரு சவுக்குக் கம்பு, சரிவில் நேராக இறங்காமல் குறுக்காக நடந்து நடந்து இறங்குவது. ஆடு எப்படி இறங்குகிறது என்று பாருங்கள், அதுதான் பாடம். மழை பெய்த மறுநாள் ஏறாதீர்கள், ஓடை ஓரத்து விளிம்பு பார்க்க உறுதியாக இருக்கும், அடியில் மண் போயிருக்கும், ஆள் நின்றால் பெயரும். கிராவல் தோண்டிய பழைய பள்ளங்களில் மழைக்குப் பிறகு தண்ணீர் நிற்கும், பச்சையாக அழகாக இருக்கும், பிள்ளைகள் குளிக்கக் கேட்பார்கள். கூடவே கூடாது, கரை செங்குத்து, ஒரு அடி தள்ளி வைத்தால் ஆழம் தெரியாது.

முந்திரிக் காலத்தில், மாசி பங்குனியிலிருந்து வைகாசி வரை, தோப்புக்காரரிடம் சொல்லாமல் தோப்புக்குள் போகாதீர்கள். கொட்டை பொறுக்க வந்த ஆள் என்று நினைப்பார்கள், நினைப்பதில் தப்பும் இல்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இந்த வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்த பிறகு புதிதாக நட்டு, வருஷக்கணக்கில் காத்திருந்து காய் பார்த்தவர்கள் அவர்கள். பச்சை முந்திரிக்கொட்டையைப் பிள்ளைகள் கடித்துவிடக் கூடாது என்பதும் முக்கியம், அதன் ஓட்டில் இருக்கும் பால் பட்டால் தோல் வெந்துபோகும், வாய் புண்ணாகிவிடும். பழத்தை மட்டும், கேட்டு வாங்கி, உப்புத் தொட்டுச் சாப்பிடலாம்.

மத்தியச் சிறை மலைமேல்தான் இருக்கிறது, 1865-இலிருந்து. 1918-இல் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியாரைப் பிடித்து வைத்தது கடலூர்ச் சிறையில்தான் என்று தெரியும், அதனால் சிலர் ஆர்வமாகப் போன் கேமராவைத் தூக்கிக்கொண்டு மதில் பக்கம் போகிறார்கள். வேண்டாம், படம் எடுக்கக் கூடாத இடம், காவலர்கள் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

பாம்பு உண்டு. கண்ணாடி விரியன் எங்கள் வண்டல் குழி ஓரத்திலேயே ஒருமுறை சுருண்டு கிடந்தது. விறகு, செங்கல், தேங்காய் மட்டை எதையும் சுவரோரம் குவிக்காதீர்கள், எலி வரும், எலிக்குப் பின்னால் அது வரும். ராத்திரி டார்ச் இல்லாமல் பின்வாசலுக்குப் போவதில்லை. கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், வாயால் உறிஞ்சாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்கு, 108-க்கு அடித்தாலும் சரி, கிடைத்த வண்டியானாலும் சரி. அதை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ்மேல் ஒட்டி வைத்திருக்கிறேன், பதற்றத்தில் எனக்கே மறந்துவிடும்.

மற்றதெல்லாம் சில்லறை விஷயம். எங்கள் போர் தண்ணீரைப் பிடித்து வைத்தால் வாளியில் மஞ்சளாகப் படியும், ஒரு ராத்திரி தெளியவிட்டு மேல்தண்ணீரை எடுத்துக்கொள்கிறோம். வெள்ளை வேட்டி, வெள்ளை யூனிஃபார்ம் துவைக்க மட்டும் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர். ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஷேர் ஆட்டோ கிடைப்பது கஷ்டம், ஒரு வண்டி சொந்தமாக இருந்தே ஆக வேண்டும். மயில் அழகுதான், ஆனால் கத்திரி நாற்று வைத்தால் வலை போடுங்கள்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. இரண்டு நாள் கழித்துச் சாத்தனூர் அணையில் 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்தார்கள், தென்பெண்ணை ஊருக்குள் புகுந்தது. கெடிலமும் சும்மா இல்லை. எங்கள் பழைய தெரு மூழ்கியது. அங்கிருந்த பழைய பக்கத்துவீட்டு அக்கா குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார், இன்னும் இரண்டு குடும்பம், மொத்தம் பதினோரு பேர், அந்த இரண்டு அறையில். மழை கொட்டும்போது நானும் வீட்டுக்காரரும் மட்டும் தூங்கவில்லை, டார்ச்சை எடுத்துக்கொண்டு அரை மணிக்கு ஒருமுறை வாய்க்காலைப் பார்த்தோம். தண்ணீர் சிவப்பாக, சத்தமாக, மூன்று படியிலும் குதித்து வெளியே போய்க்கொண்டிருந்தது. வண்டல் குழி இரண்டு மணிக்கு நிறைந்துவிட்டது, குடையைப் பிடித்துக்கொண்டு மண்வெட்டியால் அள்ளினோம். எதிர்வீட்டுத் திண்ணையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆயா அங்கிருந்தே, "இடது பக்கம் அடைக்குது பாரு, இடது பக்கம்" என்று கத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை.

இந்த வருஷம் என் சித்தி மகள் இங்கே மனை பார்க்கிறேன் என்று சித்திரையில் போன் பண்ணினாள். நான் ஐப்பசியில் வா என்றேன். "மழையில எவடி மனை பார்ப்பா?" என்று சிரித்தாள். ஆனால் வந்தாள், முந்தின ராத்திரி முழுக்கப் பெய்து விட்ட ஒரு காலையில், வெள்ளைக் கலர் செருப்போடு. புரோக்கர் காட்டிய மூன்று மனையில் இரண்டை வண்டியிலிருந்து இறங்காமலே வேண்டாம் என்றுவிட்டாள். மூன்றாவது மனைக்கு எதிரே ஒரு திண்ணையில் வயசான ஒருவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் போய், "தாத்தா, ஒரு விஷயம் கேக்கணும்" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.